நாலு எல்லையும் சொல்லுங்கம்மா

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜாப் டைப்பிங் கடை. வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், மின்வாரியத்துக்கு மனு, பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் என்று எல்லாமும் வரும். வயிறு நிரம்புவது அதில்தான். ஆனால் என் தொழில் என்று நான் மனசுக்குள் வைத்திருப்பது வேறு: இலங்கை அகதிகளுக்குப் பேப்பர் தயார் செய்து கொடுப்பது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது. அது போய் நிற்கிற ஊரில் ஒரு முகாம். செங்குன்றம் ரோட்டில் புழல் காவாங்கரையில் இன்னொன்று. மணலிக்கும் எண்ணூருக்கும் பெயின்ட் வேலைக்கு வருகிற முகாம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி என் கடைக்கு வந்து சேர்ந்த வேலை இது.

இதில் படிவம் நிரப்புவது கடைசியில் வருகிற சின்ன வேலை. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் கேட்பதுதான். “ஊருக்குப் போக வேணும் தம்பி, ஒரு மனு எழுதித் தாங்கோ” என்று வந்து உட்காருகிறவருக்கு உடனே மனு அடித்துக் கொடுத்தால், நாலு அலுவலகம் சுற்றிவிட்டு அது திரும்பி வரும். எந்த ஊர், எந்தக் கிராம சேவகர் பிரிவு, எந்த வருஷம் படகேறினீர்கள், எங்கே இறங்கினீர்கள், மண்டபம் முகாமில் பதிந்தபோது யார் யார் பெயர் கொடுத்தீர்கள், பிறகு பிறந்தது யார், செத்தது யார்? எல்லாவற்றையும் ஒரு குயர் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வேன். பேனா கிடையாது. முதல் நாள் சொன்ன வருஷம் அடுத்த தடவை மாறும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 83 கலவரத்தையும் 90 சண்டையையும் ஒரே ராத்திரியாக நினைவு வைத்திருக்கிறவர்கள் உண்டு.

சட்டத்தைச் சொல்வதற்கு அதிக நேரம் ஆகாது. 1948 டிசம்பர் 10-ஆம் தேதி ஐ.நா. ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு, எவரும் தம் நாட்டை விட்டுப் போகலாம், தம் நாட்டுக்குத் திரும்பி வரலாம் என்கிறது. மறுநாளே, டிசம்பர் 11-இல், பாலஸ்தீன அகதிகளைப் பற்றிய 194-ஆம் தீர்மானம் வந்தது. திரும்ப விரும்புகிறவர்களை விட வேண்டும், திரும்ப வேண்டாம் என்கிறவர்களின் சொத்துக்கு ஈடு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த மக்கள் இன்னும் திரும்பவில்லை. பிரகடனத்தில் சொன்னது 1966-இல் குடிமை அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் சட்டக் கடமையாயிற்று: தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தான்தோன்றித்தனமாகப் பறிக்கக்கூடாது, 12-ஆம் பிரிவு, நான்காவது பத்தி. இந்தியா 1979-இல் சேர்ந்தது, இலங்கை 1980-இல். ஆனால் 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளுமே கையெழுத்திடவில்லை. வழக்கறிஞர்கள் சிலர் என்னிடம் இதைச் சொல்லி உதட்டைப் பிதுக்குவார்கள். நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அந்த ஒப்பந்தம் அகதிக்கு அடைக்கலம் தந்த நாட்டின் கடமையைப் பேசுவது. ஊர் திரும்பும் உரிமைக்கு அஸ்திவாரம் 12-ஆம் பிரிவு. அதில் இரண்டு பேருமே கட்டுப்பட்டவர்கள்.

எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்ததற்குக் காரணம் சட்டப் புத்தகம் அல்ல, எர்ணாவூர் பர்மா நகரில் இருந்த என் ஆயா. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 64-இல் கடைகள் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஆட்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஆயா பர்மாவிலேயே பிறந்தவர். தமிழ்நாட்டை முதல் தடவை பார்த்ததே ராயபுரம் பக்கம் இறங்கியபோதுதான். கடன் கிடைத்தது, மனை கிடைத்தது, 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி வந்தது, பீச் ரோட்டில் பர்மா பஜார் முளைத்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வந்தவர்களில் ஒரு கூட்டம் இந்த ஊர் ஒத்துவராமல், மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகவே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தது. எல்லையில் பர்மாக்காரர்கள் விடவில்லை. அவர்கள் தங்கிப்போன இடம்தான் மோரே. இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. ஆயாவின் டிரங்குப் பெட்டியில் ரங்கூன் வீட்டுக்கு ஒரு ரசீதுகூட இல்லை. நஷ்டஈடு கேட்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டபோது, கேட்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற குடும்பம் எங்களுடையது. சர்வதேசச் சட்டத்தில் திரும்பும் உரிமை இருக்கிறதா என்று மேடையில் விவாதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். இருக்கிறது சார். அதை எடுத்துக் காட்டுகிற ஆள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் மிச்சக் கேள்வி.

வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஒரு அம்மா வந்தார். 1990-இல் பலாலிப் பக்கத்து ஊர்களை ராணுவம் எடுத்துக்கொண்டபோது வெளியேறியவர்கள், பிறகு படகு. போருக்குப் பின் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் காணி விடுவிக்கிறார்கள், முழுக்க இல்லை. அம்மாவிடம் உறுதி, அதாவது நிலப் பத்திரம், இல்லை. “எல்லாம் அங்கயே விட்டிட்டு வந்தது தம்பி, ஒண்டும் இல்லை” என்றார். நான் அதை நம்புவதில்லை. தாள் இருக்காது, விவரம் இருக்கும்.

“காணிக்குப் பேர் என்னம்மா?”

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் உண்டு. உறுதியில் அந்தப் பெயரோடுதான் எழுதுவார்கள். நம்மூரில் சர்வே நம்பர் தெரியாவிட்டால் அதோடு கதை முடிந்தது. அந்த அம்மா யோசிக்கவே இல்லை.

“புளியடி வளவு.”

“நாலு எல்லையும் சொல்லுங்கம்மா.”

வடக்கே ஒழுங்கை. கிழக்கே பெரியப்பா பிள்ளைகளின் காணி. தெற்கே கோயில் காணி. மேற்கே யாருடையது என்று வந்தபோது நிறுத்தி, விரலை மடக்கி, இரண்டு தலைமுறை உறவு சொல்லி, ஒரு பெயரைப் பிடித்தார். எத்தனை பரப்பு? நாலு பரப்பு. கிணறு? கிணறு பொது; மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கு, தண்ணீர் போகிற வாய்க்காலுக்கும் வழி உண்டு. இதையும் உறுதியில் எழுதுவார்கள். எழுதியது யார்? நொத்தாரிசு பெயரும் நினைவிருந்தது, ஏனென்றால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் போயிருக்கிறார். ஒன்றுமில்லை என்று வந்து உட்கார்ந்தவரிடமிருந்து என் நோட்டில் ஒன்றரைப் பக்கம் ஏறியிருந்தது. காணிப் பதிவகத்தில் ஒருவர் போய்த் தேட இது போதும்.

இங்கே ஒரு நுணுக்கம். மனு எழுதுகிற எவரும் முகாம் பதிவேட்டைப் பார்த்து, குடும்பத் தலைவர் என்று போட்டிருக்கிற கணவர் பெயரில்தான் எழுதுவார்கள். அந்தக் காணி அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அது அவர் சொத்து, உறுதி அவர் பெயரில். கணவர் பெயரில் தேடினால் இன்னும் நூறு வருஷம் தேடலாம். அதனால் பெண்களிடம் கணவர் பக்கத்தில் இல்லாமல் தனியாகவும் ஒரு தடவை கேட்பேன். யாழ்ப்பாணத்துக் காணி விஷயம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என் அனுபவம்.

அந்தக் காணியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்? இலங்கைச் சட்டத்தில் பத்து வருஷம் தடையில்லாமல் அனுபவித்தவர் நிலத்துக்கு உரிமை கோரலாம். போரால் ஓடிப்போனவர்களுக்கு அது அநியாயம் என்று 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் போட்டார்கள்: 1983 மே முதல் 2009 மே வரை காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று. நல்ல சட்டம். ஆனால் நடப்புக்கு வந்த இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நான் பழகிய முகாம்காரர்களில் அந்த இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. உரிமையைக் கொடுத்துவிட்டு, அது வந்த செய்தியை உரியவருக்குச் சொல்லாமல் விடுவதும் ஒரு வகையில் பறிப்பதுதான்.

பிள்ளைகள் விஷயம் இதைவிடச் சிக்கல். இங்கே பிறந்த பிள்ளை இலங்கைக் குடியுரிமை பெற வேண்டுமானால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். வருஷம் தாண்டிவிட்டால் கூடுதல் காகிதம், கூடுதல் கட்டணம். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று வேண்டும், கல்யாணப் பதிவு வேண்டும், எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்கே இருக்கும்? அங்கே அப்பா பெயரை முழுசாக முன்னால் எழுதுகிறார்கள், இங்கே ஒற்றை எழுத்து இனிஷியல். ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பெல்லிங், முகாம் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. இந்த மூன்றையும் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கட்டிப்போடுவதுதான் என் கைவேலையில் நான் பெருமைப்படுகிற பகுதி. ‘மேற்படி மூவரும் ஒருவரே’ என்ற வரிக்குக் கீழே எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று அட்டவணை போட்டுவிடுவேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் தேட வேண்டியதில்லை. தேட வைத்தால் அவர் கோப்பை மூடிவிடுவார்.

போன வருஷம் வந்த ஒரு இளைஞன், முகாமிலேயே பிறந்தவன், பெயின்ட் கான்ட்ராக்ட் எடுக்கிறவன், கைக்குழந்தையின் சான்றோடு வந்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கினான். “அண்ணா, இவன் இலங்கைக்காரன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு இங்க குடியுரிமை கேக்கும்போது அதையே காட்டி இல்லன்னு சொல்லிட மாட்டாங்களா?” என்றான். அசட்டுப் பயம் என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தக் கணக்கில்தான் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இறுகிக்கொண்டே வந்தது. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை குத்தப்பட்டிருந்தால், 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த பிள்ளைக்குக் கதவு அடைப்பு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையே இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்திலிருந்து விடுவித்தது. தண்டனை இல்லை என்பது அதன் பொருள். குடியுரிமை உண்டு என்பதல்ல.

நான் இரண்டு பக்கமும் சொல்வேன், முடிவு அவர்களுடையது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால் மறைக்க மாட்டேன்: பதியுங்கள். இந்தியா நாளைக்குத் தரலாம், தராமலும் போகலாம். அதுவரை பிள்ளை எந்த நாட்டுக்கும் சேராமல் வளரக்கூடாது. 12-ஆம் பிரிவுக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு 1999-இல் எழுதிய விளக்கத்தில், வெளியே பிறந்தவர் முதல் முதலாகத் தன் நாட்டுக்குள் வருவதும் இந்த உரிமையில் அடங்கும் என்று இருக்கிறது. ஆனால் அது தன் நாடு என்று அந்தப் பிள்ளை காட்ட வேண்டுமே. அந்த இளைஞன் அன்றைக்குப் பதியாமல்தான் போனான். ஃபைலை நான் மூடவில்லை.

மலையகத்தார் வந்தால் என் நோட்டில் வேறு மாதிரிப் பக்கம். அவர்களிடம் காணிப் பெயர் இல்லை. அவர்களுக்குக் காணியே கிடையாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, 77 கலவரத்தில் வன்னிக்கு நகர்ந்து, அங்கிருந்து சண்டையில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்கள் தாத்தாக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள்: ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று. 74-இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணினார்களே தவிர யாரையும் கேட்கவில்லை. இவர்களில் பலர் இந்தியாவுக்கு என்று விண்ணப்பித்து, 84-இல் தலைமன்னார் கப்பல் நின்றுபோக அங்கேயே மாட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகள். ‘சொந்த நாடு’ எது என்று படிவத்தில் கேட்டால் என்ன எழுதுவது? மனித உரிமைக் குழுவின் அதே விளக்கம், குடியுரிமை அநியாயமாக மறுக்கப்பட்டு நாடற்றவராய் நீண்ட காலம் வாழ்ந்த நாட்டையும் சொந்த நாடாகக் கொள்ளலாம் என்று இடம் தருகிறது. இலங்கையும் 2003-இல் நாடற்றோருக்குக் குடியுரிமை தரச் சட்டம் போட்டு, 2009-இல் இந்தியாவில் இருப்பவர்களுக்கும் அதை நீட்டியது. எனவே வழி இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலும் பாட்டனின் பிறப்புப் பதிவும் தேடி எடுக்க வேண்டும். இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடிக்கிறது.

எல்லாக் காகிதமும் சரியானாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: நிஜமாகவே போக விரும்புகிறார்களா? இதில் நான் கறார். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் முகாம் மக்களுக்கு நெருக்கடி கூடியது. 92 ஜனவரியில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது. நெடுமாறனும் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் அந்த ஆண்டில்தான் சென்னையில் கால் வைத்தது. ஒப்புதல் சுயவிருப்பமா என்பதை அது பார்த்துக்கொள்கிறது, நாங்கள் தோண்ட வேண்டியதில்லை என்ற வகையில் தீர்ப்பு அமைந்தது. 83 ஜூலை முதல் மூன்று லட்சத்துக்கும் மேல் வந்தவர்களில், 95 மார்ச் வரை 99,469 பேர் அனுப்பப்பட்டதாக உள்துறை அமைச்சகம் கணக்கு வைத்திருக்கிறது. அதில் எத்தனை பேர் மனசோடு போனார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அப்படிப் போய், 96-க்குப் பின் மறுபடி படகேறி வந்தவர்களுக்கே நான் பேப்பர் எழுதியிருக்கிறேன்.

அதனால் என் மேஜையில் ஒரு வழக்கம்: ஒரே உட்காரலில் மனு முடியாது. வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்வேன். வரும்போது “போகப் போறீங்களா?” என்று கேட்க மாட்டேன், அதற்கு எல்லாரும் “ஓம்” என்பார்கள். போய் இறங்கி முதல் வாரம் எங்கே படுப்பீர்கள், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், இங்கே படித்த பட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு, பெயின்ட் வேலைக்கு அங்கே யார் கூப்பிடுவார்கள், தையல் மெஷினையும் ஃபேனையும் விமானத்தில் எப்படிக் கொண்டு போவீர்கள் என்று கேட்பேன். கப்பல் விட்டால் போகிறோம் என்று முகாம்களில் காலங்காலமாகச் சொல்லி வந்தது இந்தக் கடைசிக் கேள்வியால்தான். முப்பது வருஷம் பெயின்ட் அடித்துச் சேர்த்த சாமான் அது. கேலி செய்கிறவர்கள் தங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

திரும்பும் உரிமை தமிழனுக்கு மட்டும் உரியது என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைத் துரத்தினார்கள். அவர்கள் வீட்டுக்கும் நாலு எல்லை உண்டு. இதைச் சொன்னதற்காக ஒருமுறை என் கடையிலிருந்து ஒருவர் பாதிப் பேச்சில் எழுந்து போனார். போகட்டும்.

2025 மே மாதக் கடைசியில் நடந்ததை மட்டும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. தமிழ்நாட்டு முகாமில் இருந்த எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், ஐ.நா. அகதிகள் அலுவலகம் ஏற்பாடு செய்து, முறைப்படி, பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கினார். இறங்கினவரைக் கைது செய்தார்கள். குற்றம், போர்க்காலத்தில் அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போனது. 1948-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி அது குற்றம்தான். ராத்திரியோடு ராத்திரியாக மீன்படகில் ஏறினவர் எந்தத் துறைமுகத்தில் முத்திரை வாங்கியிருப்பார்? எதிர்ப்புக் கிளம்பிய பின் அமைச்சர் ஒருவரே கொள்கையை மாற்ற வேண்டும் என்றார். ஆனால் அந்தச் செய்தி வந்த வாரத்தில், என்னிடம் பேப்பர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வருகிறவரை உள்ளே விட்டுவிட்டு லாக்கப்பில் வைப்பது, நுழையும் உரிமையை மதிப்பதாகாது. வேண்டியது ஒரே ஒரு திருத்தம்: போரிலிருந்து தப்பியோடித் திரும்பி வருகிறவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று எழுத்தில் வர வேண்டும். அமைச்சர் வாயால் சொன்னது குடிவரவு அதிகாரியின் மேஜைக்கு வந்து சேராது என்பது மனு எழுதுகிறவனுக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் முகாமில் இருக்கிறவர்களும் இருப்பீர்கள், முகாமில் பழக்கம் உள்ளவர்களும் இருப்பீர்கள். போவதா இருப்பதா என்பது உங்கள் இஷ்டம். எந்த முடிவானாலும் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து காணிப் பெயர், நாலு எல்லை, கிணற்றுப் பங்கு, நொத்தாரிசு பெயர் எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தையோ ரேகையையோ வாங்கி வையுங்கள். பழைய உறுதியோ பிறப்புச் சான்றோ கையில் இருந்தால், தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். உள்ளே மாட்டிய முத்திரையையும் தாளின் பின்பக்கத்தையும் எந்த அதிகாரியாலும் சோதிக்க முடியாது, பிரித்தால் எழுத்து பிய்ந்து வந்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் உறை போதும்.